ஜெபமும் மன்றாட்டும்

தமிழ்க் கிறித்தவர்கள் கடவுளிடம் பேசுவதற்குப் பல சொற்களை வைத்திருக்கிறார்கள். அவற்றில் இரண்டை வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் காட்டுவது என் வழக்கம். ஒன்று ஜெபம். வடமொழி 'ஜப'த்திலிருந்து வந்த சொல். உதடு அசைய மெல்ல முணுமுணுப்பது அதன் பழைய பொருள். மற்றொன்று மன்றாட்டு. மன்றிலிருந்து பிறந்த சொல். ஊர்ப் பொதுவிடத்தில், எல்லோரும் கேட்க, வழக்கை எடுத்துவைத்து முறையிடுவது மன்றாடுதல். முணுமுணுப்புக்குச் சாட்சி தேவையில்லை. மன்றாட்டுக்கு மன்று வேண்டும், கேட்பவர்கள் வேண்டும், எதிரே பதில் சொல்ல வேண்டியவர் ஒருவர் நிற்கவும் வேண்டும்.

வன்முறைக்கு ஆளான பெண்களுக்காகத் தேவாலயங்களில் ஜெபம் ஏறெடுக்கப்படும்போதெல்லாம் இது இவ்விரண்டில் எது என்ற கேள்வி எனக்குள் எழுகிறது. கனடாவின் பூர்வகுடிப் பெண்களின் வரலாற்றைப் படித்த பிறகு அந்தக் கேள்வி கூர்மையாகிவிட்டது. ஏனென்றால் அந்த நாட்டில் ஜெபம் வெறும் ஆறுதலாக இருந்ததில்லை. அது சட்டமாக இருந்தது.

கனடாவில் 1876-இல் 'இந்தியர் சட்டம்' வந்தது. பூர்வகுடியினர் யார், அவர்கள் எங்கே வாழலாம், எப்படி வாழலாம் என்பதை அரசே தீர்மானிக்கும் சட்டம் அது. 1884-இல் அதில் ஒரு திருத்தம் செய்து, மேற்குக் கரையோர மக்களின் 'பாட்லாட்ச்' என்னும் கொடைச் சடங்கைக் குற்றமாக்கினார்கள். 1895-இல் சமவெளி மக்களின் சூரிய நடனம் போன்ற வழிபாடுகளுக்கும் தடை நீண்டது. 1951 வரை இந்தத் தடைகள் சட்டப் புத்தகத்தில் இருந்தன. இதற்கு நடுவே 1920-இல் பூர்வகுடிக் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புவது கட்டாயமானது. அந்தப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றைத் திருச்சபைகள் நடத்தின. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பாட்டி தன் ஊரில் தன் முறைப்படி வேண்டிக்கொண்டால் குற்றவாளி. பேத்தி பள்ளியில் மண்டியிட்டு ஜெபிக்காவிட்டால் அவளும் குற்றவாளி. ஒரே நாட்டில் ஒரே காலத்தில் ஒரு ஜெபம் தடை செய்யப்பட்டது, இன்னொரு ஜெபம் கட்டாயமாக்கப்பட்டது.

இந்த வரலாற்றை ஓர் ஊரை வைத்தே சொல்லிவிடலாம். மானிட்டோபா மாகாணத்தின் வடக்கில் உள்ள நார்வே ஹவுஸ் என்னும் கிரீ மக்களின் ஊர் அது. மெதடிஸ்ட் மிஷனரி ஜேம்ஸ் எவன்ஸ் 1840-இல் அங்கே கிரீ மொழிக்கு ஓர் எழுத்துமுறையை அச்சில் ஏற்றினார். தமிழ் படித்தவர்களுக்கு அந்த எழுத்தின் அமைப்பு உடனே பிடிபடும். நம் உயிர்மெய்யைப் போல மெய்யும் உயிரும் ஒரே வடிவில் வரும். அந்த வடிவம் எந்தத் திசை நோக்கித் திரும்புகிறதோ அதைப் பொறுத்து உயிர் மாறும். அச்சில் முதலில் வந்தவற்றில் கிறித்தவப் பாடல்களும் உண்டு. இந்த எழுத்து தங்களுக்கு ஆவிகள் தந்த கொடை, மிஷனரி தந்ததன்று என்று சொல்லும் கிரீ மரபுக் கதைகளும் இருக்கின்றன. யார் தந்திருந்தாலும் கிரீ மக்கள் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள். எழுத்தறிவு வேகமாகப் பரவியது. பெண்களும் படித்தார்கள், எழுதினார்கள்.

அதே எவன்ஸ்மீது 1846-இல் ஒரு புகார் எழுந்தது. தம் வீட்டில் தங்கியிருந்த பூர்வகுடிச் சிறுமிகளிடம் தவறாக நடந்தார் என்பது புகார். விசாரித்தது சபை, தீர்த்ததும் சபை. அவர் குற்றவாளி என்று முடிவாகவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் இங்கிலாந்தில் இறந்துபோனார். நடந்தது என்ன என்று தீர்ப்புச் சொல்ல நான் இதை எழுதவில்லை. எழுத்தைக் கொண்டுவந்தவருடைய பெயர் வரலாற்றில் நிற்கிறது. அந்தச் சிறுமிகள் போய் முறையிடுவதற்கு அவர்களுக்கென்று ஒரு மன்று இல்லாமல் போனது. பின்னால் வந்த நூற்றைம்பது ஆண்டுகளிலும் இதே அமைப்புதான் திரும்பத் திரும்ப வருகிறது.

உறைவிடப் பள்ளிகளைப் பற்றிக் கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015-இல் விரிவாக அறிக்கை தந்தது. சுமார் 1,50,000 குழந்தைகள் அந்தப் பள்ளிகளுக்குள் போயிருக்கிறார்கள். அங்கேயே இறந்தவர்களில் 3,200 பேரை ஆணையம் அப்போது பதிவேடுகளிலிருந்து கண்டெடுத்தது. பிழைத்து வந்தவர்களின் சாட்சியங்களில் ஜெபம் ஓயாமல் வருகிறது. எழுந்ததும் ஜெபம், சாப்பாட்டுக்கு முன் ஜெபம், படுக்கும் முன் ஜெபம். தாய்மொழியில் ஒரு சொல் வந்துவிட்டால் அடி. ஒரு காலத்தில் மிஷன் அச்சுக்கூடம் எந்த மொழியில் பாடல் அச்சிட்டதோ, அந்த மொழியில் பேசிய குழந்தைகள் மிஷன் பள்ளிகளில் தண்டிக்கப்பட்டார்கள். பாலியல் வன்முறைக்கு ஆளான பிள்ளைகளும் அதே கையோடு, அதே வாயோடு, மறுநாள் காலையில் கைகூப்பி ஜெபிக்க வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைகளில் சிலர் பெரியவர்களான பிறகு ஜெபம் என்ற சொல்லைக் கேட்டாலே உடல் இறுகிப்போவதில் வியப்பில்லை.

நார்வே ஹவுஸில் பிறந்த ஹெலன் பெட்டி ஆஸ்போர்ன் ஆசிரியை ஆக விரும்பினார். மேற்படிப்புக்கு ஊரைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. உறைவிடப் பள்ளியில் இருந்துவிட்டு, தி பா என்னும் சிறுநகரத்தில் ஒரு வெள்ளையர் வீட்டில் தங்கி உயர்நிலைப் பள்ளிக்குப் போனார். 1971 நவம்பரில் ஓர் இரவு நான்கு வெள்ளை இளைஞர்கள் அவரைத் தெருவிலிருந்து காரில் கடத்திச் சென்றார்கள். அவர் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 19. அந்தக் கொடூரத்தின் விவரங்களை இங்கே எழுத மாட்டேன். எழுத வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது. யார் செய்தது என்பது அந்த நகரத்தில் பலருக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் வழக்கு விசாரணைக்கு வர 16 ஆண்டுகள் ஆயின. நால்வரில் ஒருவர் மட்டுமே 1987-இல் தண்டனை பெற்றார். பூர்வகுடியினருக்கான நீதி குறித்து மானிட்டோபா அரசு அமைத்த ஆணையம், இனவெறியும் பாலினவெறியும் அலட்சியமும்தான் இந்தக் கொலையையும் அதற்குப் பிந்தைய மௌனத்தையும் விளக்குகின்றன என்று 1991-இல் சொன்னது. 2000-இல் மாகாண அரசு குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டது.

அந்த 16 ஆண்டுகளிலும் ஞாயிறுதோறும் ஆராதனை நடந்திருக்கும். உண்மை தெரிந்தவர்களில் சிலரும் அதில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். மௌனமும் ஜெபமும் ஒரே வாயில் எவ்வளவு எளிதாக இணைந்து வாழ முடியும் என்பதை எண்ணிப் பார்க்கிறேன்.

பெண்களைத் தனிமைப்படுத்திய இன்னொரு கருவியும் சட்டத்தில் இருந்தது. பூர்வகுடிப் பெண், அந்தத் தகுதி இல்லாத ஆணை மணந்தால், தன் சட்டத் தகுதியையே இழந்தாள். சொந்த ஊரில் வாழும் உரிமையும், இறந்தால் அங்கே புதைக்கப்படும் உரிமையும் போயின. ஆண் வெளியில் மணந்தால் அவனுக்கு எந்த இழப்பும் இல்லை. அவன் மணந்த வெள்ளைப் பெண்ணுக்கு இந்தியத் தகுதியே கிடைத்தது. மேரி டூ-ஆக்ஸ் எர்லி என்னும் மோஹாக் பெண் இதை எதிர்த்து இருபது ஆண்டுகளுக்குப் போராடினார். சாண்ட்ரா லவ்லேஸ் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவரை வழக்கைக் கொண்டுபோய் 1981-இல் வென்றார். 1985-இல்தான் சட்டம் மாறியது. அதுவும் முழுமையாக அல்ல. ஊரும் உறவும் பறிக்கப்பட்ட பெண்கள் நகரங்களின் ஓரங்களுக்குத் தள்ளப்பட்டார்கள். வன்முறை தானாக நேர்வதில்லை. அது நிகழ்வதற்கான இடத்தைச் சட்டம் முன்கூட்டியே ஒழுங்குசெய்து வைக்கிறது.

அதே 1985-இல் திருச்சபைக்குள்ளும் ஒரு பெண் எழுந்து நின்றார். மெதடிஸ்டுகளும் வேறு சில சபைகளும் 1925-இல் ஒன்றாகி உருவானது கனடாவின் ஐக்கிய திருச்சபை. நம் தென்னிந்தியத் திருச்சபை 1947-இல் உருவானதை இதோடு ஒப்பிடலாம். அதன் நிர்வாகக் கூட்டத்தில், பிரிட்டிஷ் கொலம்பியாவைச் சேர்ந்த பூர்வகுடிப் பெண்ணான ஆல்பர்ட்டா பில்லி, சபை எங்கள் மக்களிடம் மன்னிப்புக் கேட்கும் காலம் வந்துவிட்டது என்றார். எங்களுக்காக ஜெபியுங்கள் என்று அவர் கேட்கவில்லை. பதில் சொல்லுங்கள் என்றார். என் பார்வையில் இந்த வரலாற்றின் திருப்பம் இதுதான். ஜெபிக்கப்படும் பொருளாக இருந்தவர் முறையிடுபவராக மாறினார். மன்று கூடிவிட்டது.

அடுத்த ஆண்டு, 1986 ஆகஸ்டில், சட்பரி நகரில் சபை மன்னிப்புக் கேட்டது. மேற்கத்தியப் பண்பாட்டையும் நற்செய்தியையும் ஒன்றாகக் குழப்பித் திணித்துவிட்டோம் என்று ஒப்புக்கொண்டது. பூர்வகுடி மூத்தோர் உடனே பதில் தரவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1988-இல், அவர்கள் சார்பில் ஈடித் மெம்னுக் என்னும் பெண் பதிலைச் சொன்னார். மன்னிப்பைக் கேட்டுக்கொண்டோம் என்பதே பதில். ஏற்றுக்கொண்டோம் என்று சொல்லவில்லை. சொன்னதை வாழ்ந்து காட்டுங்கள், பார்க்கலாம் என்பது அதன் உட்பொருள். சட்பரியில் அந்த நிகழ்வின் நினைவாகக் கற்களை அடுக்கி ஒரு குவியல் எழுப்பினார்கள். அதை வேண்டுமென்றே முடிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

மன்னிப்புக் கேட்டவுடன் மன்னித்துவிட வேண்டும் என்று எத்தனை பெண்களை நாம் நெருக்கியிருக்கிறோம்! கணவனின் அடிக்குப் பிறகு, போதகரின் ஜெபத்துக்குப் பிறகு, குடும்பத்தின் கண்ணீருக்குப் பிறகு, 'விட்டுக்கொடும்மா' என்கிறோம். 'கேட்டுக்கொண்டேன்' என்பதோடு நிறுத்திக்கொள்ளும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு உண்டு என்பதைச் சபை ஒன்று முழு மன்றத்தில் கற்றுக்கொண்ட நிகழ்வு இது. ஆங்கிலிக்கன் சபை 1993-இலும் பிரெஸ்பிட்டேரியன் சபை 1994-இலும் தங்கள் மன்னிப்பைச் சொன்னபோது இந்த முன்மாதிரி அவர்களுக்கு முன்னால் இருந்தது.

கத்தோலிக்கத் திருத்தந்தை பிரான்சிஸ் கனடா மண்ணில் மன்னிப்புக் கேட்டது 2022 ஜூலை 25-இல், ஆல்பர்ட்டா மாகாணத்தின் மாஸ்குவாசிஸ் என்னும் இடத்தில். அந்த உரையில் பாலியல் வன்முறை பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை என்று பலர் சுட்டிக்காட்டினார்கள். மூன்று நாள் கழித்துக் கியூபெக் பேராலயத்தில்தான் அவர் அதைப் பற்றிப் பேசினார். மாஸ்குவாசிஸில் நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒன்றும் நடந்தது. ஒரு கிரீப் பெண் கூட்டத்துக்கு முன்னே வந்து, கண்ணீர் வழிய, உரத்த குரலில் பாடினார். மெட்டு கனடாவின் தேசிய கீதத்தினுடையது. சொற்கள் கிரீ மொழியில் வேறு. தேசிய கீதம் என்று நினைத்துக்கொண்டவர்களும் உண்டு. அவர் தம் மக்களின் சட்டத்தை அறிவித்துக்கொண்டிருந்தார். வழங்கப்படும் மன்னிப்பைப் பெற்றுக்கொள்ள மட்டும் நாங்கள் வரவில்லை என்று அந்தக் குரல் சொன்னதாகவே நான் கேட்கிறேன்.

தேவாலயத்துக்கு வெளியே, தெருவிலும் ஒரு வழிபாடு உருவாகியிருந்தது. வான்கூவர் நகரின் டவுன்டவுன் ஈஸ்ட்சைட் என்னும் ஏழைப் பகுதியில் ஒரு பூர்வகுடிப் பெண் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து 1992-இல் பெண்கள் ஊர்வலம் போனார்கள். அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 14 அன்று அந்த ஊர்வலம் நடக்கிறது. காதலர் தினக் கடைகளின் வழியாக மேளங்களோடு நடக்கிறார்கள். பெண்கள் கொல்லப்பட்ட இடங்களிலும் கடைசியாகக் காணப்பட்ட இடங்களிலும் நிற்கிறார்கள். மூலிகைப் புகை காட்டி வேண்டுகிறார்கள். கொல்லப்பட்டவருக்குச் சிவப்பு ரோஜா, காணாமல் போனவருக்கு மஞ்சள் ரோஜா வைத்துவிட்டு நகர்கிறார்கள். மூத்த பெண்களும் குடும்பத்தாரும் முன்னால் போவார்கள். ஆதரிக்க வருபவர்கள் எந்தச் சமயத்தவரானாலும் பின்னால் நடக்க வேண்டும்.

அந்தப் பெண்கள் சொன்னதைக் காவல்துறை பல ஆண்டுகள் கேட்கவில்லை. அங்கிருந்து காணாமல் போனவர்களில் பலரைக் கொன்றவன் 2002-இல்தான் கைதானான். 2007-இல் ஆறு கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்டான். காவல்துறையின் தோல்வியை 2012-இல் விசாரணை ஆணையம் ஒன்று உறுதிசெய்தது. தெருவில் ரோஜா வைத்த பெண்கள் இருபது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருந்ததுதான் அது.

நாடு முழுவதும் எத்தனை பேர் என்ற கணக்கையும் பெண்களே முதலில் எடுத்தார்கள். கனடாவின் பூர்வகுடிப் பெண்கள் சங்கம் 2010-இல் 582 பெயர்களைத் திரட்டித் தந்தது. தேசியக் காவல்துறை 2014-இல் தன் கணக்கை வெளியிட்டபோது எண்ணிக்கை 1,181 ஆனது: 1980-க்கும் 2012-க்கும் இடையில் 1,017 கொலைகள், 164 பேர் காணவில்லை. கனடாவின் பெண்களில் பூர்வகுடியினர் நான்கு விழுக்காடுதான். அதே காலத்தில் கொலையான பெண்களில் அவர்கள் 16 விழுக்காடு.

2016-இல் தேசிய விசாரணை ஆணையம் அமைந்தது. கிரீ இனத்தவரான மேரியன் புல்லர் என்னும் நீதிபதி தலைமை ஏற்றார். 2,380-க்கும் மேற்பட்டோர் அதில் பங்கேற்றார்கள். அமர்வுகள் நடந்த விதம் எந்த நீதிமன்றத்தையும் போல இருக்கவில்லை. இனுயிட் பெண்கள் தங்கள் எண்ணெய் விளக்கை ஏற்றினார்கள். வெளியே புனித நெருப்பு எரிந்தது. சாட்சி சொன்னவர்கள் கண்ணீர் துடைத்த தாள்களைக் காகிதப் பைகளில் சேர்த்து வைத்து, அந்த நெருப்பில் இட்டார்கள். ஒரு துளியும் குப்பைக்குப் போகவில்லை. 2019 ஜூன் 3-இல் வந்த இறுதி அறிக்கை நடந்ததை இனப்படுகொலை என்று பெயரிட்டது. நீதிக்கான 231 அழைப்புகளை முன்வைத்தது. அங்கே வழக்குரைப்பும் வழிபாடும் ஒன்றாகவே நடந்தன. மன்றாட்டு என்னும் நம் சொல்லின் பழைய பொருள் முழுவதையும் அந்தக் கூடங்களில் காண முடிகிறது.

இதைப் படிக்கும் மாணவி ஒருத்தி, அப்படியானால் கிறித்தவத்தை அந்தப் பெண்கள் தூக்கி எறிந்துவிட வேண்டியதுதானே என்று கேட்கக்கூடும். சிலர் எறிந்துவிட்டார்கள். அது அவர்கள் உரிமை. வேறு சிலர் எறியவில்லை. கிரீ மொழிப் பாடல்கள் இன்றும் துக்க வீடுகளில் ஒலிக்கின்றன. ஜெபமாலையும் மூலிகைப் புகையும் ஒரே வீட்டில் இருக்கின்றன. அடக்குமுறையோடு வந்த ஒன்றைத் தன் பாட்டியின் குரலில் கேட்டுப் பழகியவருக்கு அது பாட்டியின் சொத்து. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையை முன்பு மிஷனரிகள் செய்தார்கள். பெண்ணியவாதிகள் அதைத் தொடர வேண்டாம்.

தமிழ்ச் சபைப் பெண்களுக்கு இதில் நேரடியான ஒரு தொடர்பு உண்டு. மார்ச் மாத முதல் வெள்ளியன்று நம் சபைகளில் கடைப்பிடிக்கும் உலக ஜெப நாளின் வேர் 1887-இல் இருக்கிறது. அமெரிக்கப் பிரெஸ்பிட்டேரியன் பெண்கள் 'உள்நாட்டு மிஷன்' பணிக்காக ஒரு ஜெப நாளைக் குறித்தார்கள். பூர்வகுடி மக்களை மாற்றுவதும் அந்தப் பணியில் அடக்கம். 1927 முதல் அது உலக நாளானது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாட்டுப் பெண்கள் எழுதித் தரும் ஆராதனை முறையை மற்ற நாட்டார் தங்கள் மொழியில் பயன்படுத்துகிறார்கள். 1981-இல் அதை எழுதித் தந்தவர்கள் அமெரிக்கப் பூர்வகுடிப் பெண்கள். பூமி கர்த்தருடையது என்பது அவர்கள் தேர்ந்த பொருள். நிலம் பறிக்கப்பட்டவர்கள் அதைச் சொல்லும்போது அது வெறும் துதி வாக்கியமாக இருக்க முடியாது. யாருக்காக மற்றவர்கள் 94 ஆண்டுகளுக்கு முன் ஜெபிக்கத் தொடங்கினார்களோ, அவர்களே சொற்களைத் தர, உலகம் அவற்றைத் திருப்பிச் சொன்னது.

தோழமை என்பதற்கு இந்த வரலாறு தரும் விளக்கம் எளியது. பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை அவர் குடும்பத்தார் விரும்பும் முறையில் சொல்ல வேண்டும். செய்தவன் யார், சட்டம் எது, மௌனமாக இருந்த சபை எது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். முன்னால் நடப்பவர் அவராக இருக்க வேண்டும். கேட்டுக்கொண்டேன் என்று மட்டும் அவர் சொன்னால் அதோடு நாம் திரும்பி வர வேண்டும். 'வன்முறைக்கு ஆளான சகோதரிகளை ஆற்றித் தேற்றும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்த விண்ணப்பத்துக்குப் போகும் ஜெபத்தில் இவற்றில் ஒன்றும் இல்லை.

நம் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் 1992 ஜூனில் வனத்துறையும் காவல்துறையும் நுழைந்து 18 பழங்குடிப் பெண்களை வன்புணர்ந்தன. வான்கூவர் பெண்கள் முதல் ஊர்வலம் போன அதே ஆண்டு அது. 19 ஆண்டுகள் கழித்து, 2011-இல் வந்த தீர்ப்பில், அதற்குள் இறந்துவிட்டவர்கள் போக மீதமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று அறிவிக்கப்பட்டார்கள். 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்தப் பெண்கள் 19 ஆண்டுகள் மன்றம் மன்றமாக ஏறி இறங்கினார்கள். கனடாவுக்காகவும் தொலைதூர நாடுகளுக்காகவும் மார்ச் வெள்ளிகளில் ஜெபிக்கும் தமிழ்ப் பெண்கள், தங்கள் சபையின் விண்ணப்ப வரிசையில் வாச்சாத்தி என்ற ஊர்ப்பெயர் என்றைக்காவது வந்ததா என்று கேட்டுப் பார்க்கலாம். வரவில்லை என்றால் இந்த மார்ச்சில் சேர்க்கலாம். குற்றம் செய்த துறைகளின் பெயரையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.